முப்பத்தேழு

வேலிக்கு இந்தப் பக்கம் அல் ஐன்,
அந்தப் பக்கம் புரைமி.
பேரீச்சந்தோப்பு முதலில் இருந்தது, கம்பி பிறகு வந்தது.
இரண்டு பக்கமும் பொறி வைக்க
எனக்கு இரண்டு அனுமதிக் கடிதம்,
பாஸ்போர்ட்டில் போக ஒரு முத்திரை, வர ஒரு முத்திரை.
வெள்ளெலி கம்பிக்கடியில்
ஒரு சாண் மணலைத் தள்ளிவிட்டுப் போகிறது.

பீர்தாத் வண்டியை ஓரங்கட்டிக் கேட்பான்:
"ஜெசிந்தா, இன்னைக்கு எந்த ஊர் எலி?"
ஓட்ஸும் கடலைவெண்ணெயும் பிசைந்த விரலை
பேன்ட்டில் துடைத்துக்கொண்டு
"எண்ணினாத்தான் தெரியும்" என்பேன்.

எண்ணுவதற்குத்தான் சம்பளம்.
தொடையெலும்பிலிருந்து மஜ்ஜையை ஊசியால் ஊதியெடுத்து
உப்புநீரில் செல்களை உப்பவிட்டு
குளிர்ந்த கண்ணாடியில்
முழ உயரத்திலிருந்து ஒரு சொட்டு.
நன்றாக விழுந்தால் விரியும்.
இல்லையென்றால்
காக்கை கலைத்த வடகம்.

மலையடிச் சரளையில் வாழ்வதற்கு முப்பத்தெட்டு குரோமோசோம்.
மணல்மேட்டில் வாழ்வதற்கு முப்பத்தாறு.
குறைந்தது எங்கும் தொலைந்துபோகவில்லை:
நான்கு குச்சிகள், இரண்டிரண்டாய் அடியில் ஒட்டி
இரண்டு கவட்டை ஆகியிருக்கின்றன.
சரக்கு அதேதான். மூட்டை வேறு.

தோப்புக்குள் பிடிபடுவது முப்பத்தேழு.
ஒரு பக்கத்துக் கவட்டை, மறுபக்கத்துக் குச்சி இரண்டு.
எலியின் குரோமோசோமை மவுஸால் இழுத்து
திரையில் ஜோடி ஜோடியாய் அடுக்கும்போது
(இந்தச் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது)
கடைசியில் மூன்று மிஞ்சும்.
கவட்டையின் ஒவ்வொரு கைக்கும் நேராக
ஒரு குச்சியை வைப்பேன்.
உடம்புக்குள்ளும் அவை அப்படித்தான் நிற்குமாம்,
பிரிய வேண்டிய நேரம் வரும்வரை.

பிரிவதில்தான் எல்லாம் இருக்கிறது.
கவட்டை ஒரு பக்கமும் குச்சிகள் மறுபக்கமும் போனால்
பேரப்பிள்ளைகளில் முப்பத்தாறும் பிறக்கும்,
முப்பத்தெட்டும் பிறக்கும்,
இரண்டு ஊர்ப் பாட்டன்மாரும் ஒரே வளையில் திரும்பி வருவார்கள்.
ஒரு குச்சி வழிதவறினால்
டாக்டர் ஷம்சா அதற்கு
ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார்: "கரைந்தவை."

மார்ச்சில் வேலூரிலிருந்து என் தாள் வந்தது.
மூன்று முறை கலைந்த பிறகு
கேட்டு வாங்கிய தாள்.
நாற்பத்தாறு இருக்கவேண்டிய இடத்தில்
நாற்பத்தைந்து.
பதின்மூன்றும் பதினான்கும் ஒட்டியிருந்தன.
பெருக்கல் குறியும் கவட்டையுமாய் என்னையே
ஏ4 தாளில் அடுக்கியிருந்தார்கள்.
அடுக்கியவர் கை சுத்தமான கை.

போனில் அருள்ராஜ்: "ஒண்ணு குறையுதா?"
"குறையல. சேர்ந்திருக்கு."
"அப்ப நல்லதுதானே?"
ஏசி இரைந்தது.
"ஆமா" என்றேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் எலி சினையாக வந்தது.
எடை அதிகம், கண் தெளிவு, வால் முழுசு.
மஜ்ஜை எடுத்தபின் வயிற்றையும் திறக்கவேண்டும், அதுவும் படிவத்தில் உண்டு.
கருப்பையின் இரு கொம்பிலும் கோத்த மணிகள்:
மொத்தம் ஐந்து.
இரண்டு, கருத்துச் சுருங்கிய மிளகு.
மறுநாள் எண்ணினேன். முப்பத்தேழுதான்.
மறுபடி எண்ணினேன்.

மொத்தம்: ஐந்து. கரைந்தவை: இரண்டு.
அதோடு படிவம் முடிந்துவிடுகிறது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நான் திறக்கும்வரை
மூன்று வளர்ந்துகொண்டிருந்தன.

ஷம்சா அதைப் படித்தார். அழிக்கவில்லை.
மேசையில் இன்னொரு கூர்மையான பென்சிலை வைத்துவிட்டுப் போனார்.
அதை என்னவென்று எடுத்துக்கொள்வது
இன்னும் தெரியவில்லை.

நேற்றிரவு பதினான்காம் பொறி மூடியிருந்தது,
வாய்க்கால் ஓரம், வேலிக்கு நாலடி.
துணிப்பையில் கவிழ்த்து எடை பார்த்தேன்.
முப்பத்தொரு கிராம். பெண்.
"எந்த ஊர்?" என்றான் பீர்தாத்.
டார்ச்சைப் பையின்மேல் அடித்தோம்.
வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது,
என்னைப் பார்த்தும்தான் யாருக்கும் தெரியவில்லை.
துணிக்குள் ஏதோ சின்னதாக, விடாமல் அசைந்தது.
"முகம் கழுவுது" என்றான்.